முதுகில் மூன்று சூடு

குப்புராஜுக்குக் கடவுள் கொடுத்த ஒரே சொத்து தொண்டை. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான் என்பதை ஒரு தடவையாவது எழுதி வைத்துவிட வேண்டும். அவனை நல்லவனாகக் காட்ட எனக்கு மனமில்லை. பதினோரு வருஷம் அவனோடு ஒரே கூடாரத்தில் களி தின்றவன் நான். அவன் பேசுவான், நான் மெஷின் ஓட்டுவேன். என்னையும் நல்லவனாகக் காட்டப்போவதில்லை.

மாரண்டஹள்ளிக்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மற்ற இடமெல்லாம் தமிழ். பதினாறு வயதில் காய்கறித் தரகர் ஒருவரிடம் விலை கூவுகிற வேலைக்குச் சேர்ந்தான். கத்தரிக்காய் மூட்டைமேல் ஏறி நின்று அவன் கூவினால் சந்தைக்கு வெளியே அவிழ்த்துவிட்ட மாடுகள்கூடத் திரும்பிப் பார்க்கும் என்று அவனே சொல்லிக்கொள்வான். 1931-ல் ஊமைப்படம் காட்டுகிற கூடாரம் ஒன்று அந்த ஊருக்கு வந்தது. அந்தக் காலத்துப் படத்தில் பேச்சு கிடையாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவன் தகரக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று, இவர் ராமர், இவள் சூர்ப்பணகை, இப்போது மூக்கறுபடப் போகிறது என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவர்களுடைய ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சந்தையில் கூவுகிறவனைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். அன்றைக்குச் சூர்ப்பணகை மூன்று பாஷையில் அழுதாள். மறுநாள் குப்புராஜ் கத்தரிக்காயை விட்டுவிட்டான்.

அவனுடைய வேலைத் தந்திரம் ஒன்றே ஒன்றுதான். திரையில் எது நடந்தாலும் அதை இந்தப் பக்கத்தில் நடந்ததாக ஆக்கிவிடுவான். அனுமார் பறந்தால், "இதோ பெண்ணாகரம் தாண்டிட்டாரு, ஒகேனக்கல்ல எறங்கித் தண்ணி குடிக்கிறாரு" என்பான். ராவணனுடைய தேர் வந்தால் அது பாலக்கோட்டுச் சந்தையில் வாங்கிய தேர். எந்த ஊரில் கூடாரம் போட்டாலும் முதல் நாள் காலையில் ஊரைச் சுற்றி வந்து, யார் குண்டு, யார் குடிகாரன், யார் பெண்டாட்டியிடம் அடி வாங்குகிறவன் என்று விசாரித்து வைத்துக்கொள்வான். அன்று சாயங்காலம் அவர்களெல்லாம் படத்துக்குள் வந்துவிடுவார்கள். ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது. தன் ஊர்ப் பெயர் குழாயில் வந்தால் எவனும் எழுந்து போகமாட்டான்.

1936-ல் முதலாளி பேசும்பட மெஷின் வாங்கினார். அந்த மெஷினோடு வந்தவன் நான். எட்டாவது வரை தர்மபுரியில் படித்தவன், நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும். படமே பேச ஆரம்பித்த பிறகு குப்புராஜ் எதற்கு? குழாயை எடுத்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் விளம்பரம் கூவினான். மாலையில் வாசலில் டிக்கெட் கிழித்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் தகர டப்பா எப்படாப்பா ரிப்பேராகும்?" என்று கேட்பான். சிரித்துக்கொண்டுதான் கேட்பான். யுத்த காலத்தில் இங்கிலீஷில் யுத்தச் செய்திப் படங்கள் வந்தன. ஜனங்களுக்குப் புரியாது என்பதால் அந்த ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் அவனுக்குக் குழாய் கிடைத்தது. அந்த ஐந்து நிமிஷத்துக்காகப் பகல் பூராவும் சுக்குக் கஷாயம் குடிப்பான். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

1947 தை மாசத்தில் முதலாளி பெங்களூர் போய், மிலிட்டரி ஏலத்தில் ஒரு பெட்டி நிறையப் பழைய ரீல் வாங்கி வந்தார். துப்பாக்கி துடைப்பது எப்படி, கொசுவலை கட்டுவது எப்படி என்று பாதிக்கு மேல் குப்பை. நடுவில் ஒரு டப்பா மட்டும் தனியாக இருந்தது. அது அந்தப் பெட்டிக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேலே ஒரு காகிதம் ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தார்கள். ஹிரோஷிமா, அக்டோபர் 1945. சத்தம் இல்லாத படம்.

அப்போது ஏரியூரில் கூடாரம் போட்டிருந்தோம். மத்தியானம் படுதாவை இறக்கிவிட்டு, முதலாளியும் குப்புராஜும் கூட இருக்க ஓட்டிப் பார்த்தேன். முதலில் ஊர் வந்தது. ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை, தரை மட்டம். ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், அவன் போவதற்கு வீதியே இல்லை. பிறகு ஒரு ஆஸ்பத்திரி. ஒரு சின்னப் பெண், மொட்டைத் தலை, கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு துணி, அதில் கொட்டிப்போன மயிரைச் சுருட்டி வைத்திருந்தாள். கடைசியில் ஒரு ஆண் குப்புறப் படுத்திருந்தான், முகம் தெரியவில்லை. முதுகு முழுக்க வெந்திருந்தது. அதன்மேல் மூன்று கறுப்புக் கோடுகள் குறுக்கே கிடந்தன. யாரோ ஒருவர் கை மட்டும் வந்து, அந்த முதுகுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பிடித்தது. படம் எடுத்தவன் அந்த முதுகை விட்டு வெகுநேரம் நகரவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. குப்புராஜ் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

"இதைக் காட்டினா ஜனம் எழுந்து ஓடிடுமே" என்றார் முதலாளி.

"குழாயை என் கையில குடுங்க. ஒருத்தன் எழுந்தாலும் என் காதை அறுத்துக்குங்க" என்றான் குப்புராஜ்.

மறுநாள் மாலை ஆட்டத்தில் மொட்டைத் தலைப் பெண் வந்ததும் கூடாரத்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. குப்புராஜ் குழாயைத் தூக்கினான். "அடடே! இந்தப் பாப்பா திருப்பதிக்குப் போய் முடி குடுத்துட்டு வந்துட்டா. லட்டு எங்க பாப்பா?" என்றான். முன்வரிசை மணலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒருவனும் எழுந்து போகவில்லை, குப்புராஜின் காது பிழைத்தது.

அந்தக் கூட்டத்தில் தீர்த்தம்மாள் இருந்தாள்.

ஏரியூருக்கு மேற்கே மேட்டுப்புதூர் அவள் ஊர். மேட்டூர் அணையில் தண்ணீர் ஏறியபோது பழைய ஊர் முங்கிவிட்டது, மேட்டில் குடிசை போட்டு அதற்குப் புதூர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆற்றோர நிலம் போய், கரட்டு மேட்டில் கொள்ளும் ராகியும் விதைத்தார்கள். பிழைப்பு போதாமல் அவள் புருஷன் சென்னப்பன் 1943-ல் மிலிட்டரியில் சமையல் வேலைக்குப் போனான். போகும்போது மகள் காவேரிக்கு மூன்று மாசம். 1946 சித்திரையில் அவனிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. கூட இருக்கிறவனிடம் சொல்லி எழுதியது: 'இந்த மாதம் கப்பலில் ஜப்பான் தேசத்துக்கு வந்து இறங்கினோம். எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் ஹிரோஷிமா என்ற ஊர் எரிந்து கிடக்கிறது.' ஆடி மாசத்துக்குப் பிறகு கடுதாசி இல்லை. குப்புராஜ் வண்டியில் போய், "எரிஞ்சு போன ஹிரோஷிமா! ஏரியூர் கூடாரத்தில் பாருங்க!" என்று கூவினானே, அந்தப் பெயரைக் கேட்டுத்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருந்தாள். கடுதாசியை மடியில் செருகியிருந்தாள்.

ஆட்டம் முடிந்து ஜனம் கலையும்போது வாசலில் வந்து நின்றாள். குப்புராஜ் அங்கே இருந்தான். நான் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"அண்ணா, கடைசியா குப்புறப் படுத்திருந்தாரே ஒருத்தரு… அவரு எந்த ஊருக்காரருங்க?"

"ஏம்மா?"

"முதுகுல மூணு சூடு இருந்துச்சுங்க. எங்க வூட்டுக்காரருக்கும் அதே எடத்துல மூணு சூடு இருக்குதுங்க. சின்னப் புள்ளையில இழுப்பு வந்தப்ப மாமியா போட்டது. அவரு அங்கதாங்க இருக்காரு. அந்த ஊர்லதான்."

நம் பக்கத்தில் குழந்தைக்கு இழுப்போ மாந்தமோ வந்தால் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி முதுகில் மூன்று கோடு இழுப்பார்கள். ஏரியூரில் பாதி ஆண்களுக்கு அந்தத் தழும்பு உண்டு, எனக்கும் உண்டு. படத்தில் இருந்தது அது இல்லை. அந்த ஆள் போட்டிருந்த சட்டையின் கறுப்புக் கோடுகள் வெப்பத்தை இழுத்துத் தோலில் அப்படியே இறங்கிவிட்டன என்று பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அவளுக்கு அது தெரிய வழியில்லை. முதுகில் மூன்று கோடு என்றால் அவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

குப்புராஜ் அவளைப் பார்த்தான். அவளைச் சுற்றி நின்றுவிட்ட பத்திருபது பேரைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் யோசித்தது ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"ஆமாம்மா. நானும் அதான் நெனச்சேன். நம்ம பக்கத்து முதுகு மாதிரியே இருக்குதேன்னு."

"உசுரோட இருக்காருங்களா?" என்று கேட்டாள்.

"நீதான் பாத்தியேம்மா. மூச்சு வுட்டாரா?"

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்து, "அதுல என்னங்க எழுதியிருக்குது? எங்க வூட்டுக்காரரு பேரு இருக்குதுங்களா?" என்றாள். நான் அவளிடம் கடுதாசியை வாங்கிப் படித்தேன். டப்பா மேலே இருந்ததையும் படித்தேன். எனக்குள் கணக்கு உடனே விழுந்துவிட்டது. சென்னப்பன் அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு ஆறு மாசம் முன்பே எடுத்த படம் அது. அவன் அதில் இருக்க முடியாது. இதை அவளிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். "பேரெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குப்புராஜை, மெஷினுக்குக் கரண்டு கொடுக்கிற எஞ்சின் ரூமுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"அண்ணே, அது அவ புருஷன் இல்ல. தேதியைப் பாருங்க."

"தெரியும்டா."

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"பத்து வருஷமா நாய் மாதிரி டிக்கெட்டு கிழிக்கறேன். நாளைக்குப் பாரு, என்னைக் கேக்கறதுக்குன்னே ஊரு வரும்."

முதலாளி பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் காகிதத்தைச் சொரண்டி எடுத்துடு" என்றார் என்னிடம். ஈரத் துணியால் ஊறவைத்து நகத்தால் சுரண்டினேன். பசை கெட்டியாக இருந்தது, வெகுநேரம் பிடித்தது. எனக்குப் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் தர்மபுரியில் இருந்தார்கள் என்பதைச் சாக்காகச் சொல்லலாம். எல்லோருக்கும்தான் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மறுநாள் மேட்டுப்புதூரே வண்டி கட்டிக்கொண்டு வந்தது. ஊர்ப் பெரியதனக்காரர் நஞ்சப்பன் முன்னால் வந்தார். அந்த முதுகு திரையில் வந்ததும் குப்புராஜ் குரலைத் தழையவிட்டு, "பாருங்க சாமி! நம்ம மேட்டுப்புதூர் சென்னப்பன்! பெத்த புள்ளை மொகத்தைப் பாக்காம சீமையில வெந்து கெடக்கறாரே!" என்றான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை ஓட்டு என்றார்கள். மூன்று தடவை ஓட்டினேன். எட்டு நாள் கூடாரம் நிரம்பி வழிந்தது. மிலிட்டரியில் பிள்ளை இருக்கிற வீட்டார் எல்லாம் வந்து அந்த ஆஸ்பத்திரியில் தங்கள் பிள்ளையைத் தேடினார்கள். எட்டு நாளும் தீர்த்தம்மாள் முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தாள். மற்றப் படத்தை அவள் பார்க்கவில்லை, அந்த முதுகு போனதும் எழுந்து போய்விடுவாள்.

ஒன்பதாம் நாள் காரியம் செய்தார்கள். உடல் இல்லை. வைக்கோலில் ஒரு ஆளைக் கட்டி, சென்னப்பன் விட்டுப்போன வேட்டியைப் போர்த்தித் தண்ணீரோரம் கொளுத்தினார்கள். பிறகு அவளை உட்காரவைத்து வளையலை உடைத்தார்கள், தாலியை அறுத்தார்கள். குழந்தை, "எங்கம்மாவை ஏன் அடிக்கிறீங்க?" என்று கேட்டதாக எங்கள் எஞ்சின்காரர் வந்து சொன்னார். குப்புராஜ் அதைக் கேட்டுக்கொண்டே கஷாயம் குடித்தான்.

அதற்கப்புறம் பெண்ணாகரம், பாலக்கோடு என்று போனோம். பெண்ணாகரத்தில் அந்த முதுகு பெண்ணாகரத்துக்காரன் முதுகாக இருந்தது. பாலக்கோட்டில் பாலக்கோட்டுக்காரன். குப்புராஜ் பெயர் கூடச் சொல்லமாட்டான், "நம்ம ஆளு" என்பான், கேட்கிறவர்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். முதலாளி அவனுக்கு ஒரு சில்க் ஜிப்பா எடுத்துக் கொடுத்தார்.

கார்த்திகையில் மறுபடி ஏரியூருக்கு வந்தோம். வந்த நாலாம் நாள் சென்னப்பன் ஊருக்குத் திரும்பினான்.

நன்றாக இருந்தான், கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தான். தகரப் பெட்டி, மகளுக்கு ஒரு காகிதக் குடை. கடுதாசி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த கூட்டாளி முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டதால் அவனால் எழுத முடியவில்லை, அவ்வளவுதான். ஊர் எல்லையில் அவனைப் பார்த்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தீர்த்தம்மாள் களத்தில் இருந்து ஓடி வந்தாள். தொடுவதற்கு முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். காரியம் முடிந்தவன் வாசப்படி ஏறக்கூடாது. பொய்ச் சேதியின் மேல் நடந்த காரியம் என்று நிரூபித்தால் அது செல்லாது, அப்போது அவனும் வீட்டுக்கு வரலாம், அவளுக்கும் மறுபடி தாலி கட்டலாம். ஆனால் சேதி சொன்னவன் முன்னால் வந்து ஒத்துக்கொண்டு தண்டனை வாங்க வேண்டும். தலையை மழித்து, சாணித் தண்ணீர் ஊற்றி, ஊரைச் சுற்றி நடத்தி, எல்லைக்கு வெளியே துரத்துவார்கள். அது அந்த ஊர்க் கட்டு. சென்னப்பன் அன்று மாட்டுக் கொட்டகையில் படுத்தான்.

காலையில் ஆள் அனுப்பி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார்கள். நடந்து போகும்போது நான் சொன்னேன், "அண்ணே, ஒத்துக்குங்க. ஒரு நாள் அவமானம். முடி மொளச்சுரும்."

"மொட்டையடிச்சு ஊர் சுத்தினவன் கொழாயை எடுத்தா எவன்டா கேப்பான்? முடி மொளைக்கும். தொண்டை மொளைக்குமா?"

புளியமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. சென்னப்பன் ஒரு பக்கம் நின்றான். எதிரே வெள்ளைச் சேலையில் தீர்த்தம்மாள். அவளுடைய முகத்தை நான் மறக்கவில்லை. அடக்க அடக்கச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. புருஷன் உயிரோடு நிற்கிறான், இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். எங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நஞ்சப்பன் கேட்டார், "செத்துட்டாருன்னு சேதி சொன்னது யாரு?"

"இவருதாங்க" என்றாள் அவள், குப்புராஜைக் காட்டி. "நான் கேட்டேன், ஆமான்னாரு. அப்புறம் கொழாயிலயும் சொன்னாருங்க. ஊரே கேட்டுச்சுங்க."

குப்புராஜ் தொண்டையைக் கனைத்தான். குழாய் இல்லாமலே அவன் குரல் கடைசி ஆள் வரை போகும். "பெரியவங்களே, நான் ஒரு கூத்தாடிப் பய. என்கிட்ட வந்து, என் புருசன் முதுகுன்னு சொன்னது இந்த அம்மா. கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாத முதுகு எனக்கா தெரியும்? அவங்க சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன்."

தீர்த்தம்மாளின் சிரிப்பு நின்றது. "மூணு சூடு இருந்துச்சுங்க. அதைப் பாத்துத்தாங்க கேட்டேன்."

பின்னாலிருந்து ஒருவன் துண்டை விலக்கி முதுகைக் காட்டினான். "எனக்குந்தான் மூணு சூடு இருக்குது. என்னையும் புருசன்னு சொல்லுவியா?" கூட்டம் சிரித்தது. இன்னொருவன் சட்டையைத் தூக்கினான். "எனக்கும் இருக்குது, நல்லாப் பாத்துச் சொல்லு." இன்னும் நாலு பேர் திரும்பி நின்றார்கள். "எத்தனை முதுகைப் பாத்து வெச்சிருக்காளோ, கொழம்பிட்டா" என்றான் முதலில் காட்டியவன். இதே ஆட்கள்தான் மாசி மாசத்தில் மூன்று கோட்டைப் பார்த்து, சென்னப்பனேதான் என்று அழுதவர்கள். நான் சென்னப்பனைப் பார்த்தேன். அவன் முகம் மாறிக்கொண்டிருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அந்த டப்பா மேல எழுத்து இருந்துச்சே. கடுதாசியையும் வாங்கி, ரெண்டையும் வெச்சுப் படிச்சீங்களே. அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்கண்ணா."

நஞ்சப்பன் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்லயே. தேதி கீதி எதாச்சும் இருந்துச்சா தம்பி?"

தேதி இருந்தது என்று சொன்னால், தெரிந்தே பொய் சொன்னோம் என்று ஆகிவிடும். குப்புராஜோடு என் தலையையும் மழிப்பார்கள். "கம்பெனி பேருங்க. தானா உதுந்துருச்சு" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நீ என்னப்பா சொல்றே?" என்று நஞ்சப்பன் சென்னப்பனைக் கேட்டார்.

"நான் அந்த ஊரைக் கண்ணால பாத்தவனுங்க" என்றான் அவன். "வெந்த முதுகு எத்தனையோ பாத்தேன். கேம்ப் வாசல்ல மிச்சச் சோத்துக்கு வந்து நிப்பாங்க. ஒண்ணுகூட என் முதுகு மாதிரி இல்ல. இவளுக்கு மட்டும் எப்படி என்னுதாத் தெரிஞ்சுது? செத்தேன்னு சொன்ன வாயிக்குப் பக்கத்துல உக்காந்து நான் சோறு திங்கமாட்டேன்."

"ஐயோ, நான் அழுதேனுங்க! எட்டு நாளும் அழுதேனுங்க!" என்று அவள் கத்தினாள். அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீர்ப்பு சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. காரியம் செல்லாது. சென்னப்பன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். குழந்தை தகப்பனுக்கு. உயிரோடிருக்கிற புருஷனுக்குக் கொள்ளிவைத்தவள் தண்டனை வாங்க வேண்டும். அங்கேயே நாவிதரைக் கூப்பிட்டார்கள். அவள் கையை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். காவேரி காகிதக் குடையைப் பிடித்துக்கொண்டு, தாயின் முடி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. குப்புராஜ் என் முழங்கையைத் தொட்டு, "வா போலாம், ஆட்டத்துக்கு நேரமாச்சு" என்றான். திரும்பி வரும் வழியில் அவன் ஒரு கன்னடப் பாட்டை முணுமுணுத்தான்.

தை மாசம் சென்னப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் அப்போது மாரண்டஹள்ளியில் இருந்தோம், குப்புராஜின் சொந்த ஊர். சந்தையில் அவனுக்கு மாலை போட்டார்கள். கூடாரம் நிரம்பியிருந்தது. படம் ஆரம்பிக்கும்போது, தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்ததை மெஷின் பக்கத்திலிருந்து பார்த்தேன். நடையை வைத்துத் தெரிந்துகொண்டேன். அவ்வளவு தூரம் எப்படி வந்தாள், எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மொட்டைத் தலைப் பெண் வந்தாள், லட்டுப் பேச்சு வந்தது, ஜனம் சிரித்தது. பிறகு அந்த முதுகு வந்தது.

"இதோ பாருங்க சாமி! நம்ம மாரண்டஹள்ளி ஆளு! அடுப்புல வேலை செஞ்சா இப்படித்தான், முதுகையும் சேத்து வறுத்துட்டாங்க!"

அவள் எழுந்தாள். மெஷின் வெளிச்சத்துக்கு நேர் குறுக்கே நின்றதால் அவள் நிழல் அந்த முதுகின் மேல் விழுந்தது.

"அவரு இந்த ஊரும் இல்லீங்க, எங்க ஊரும் இல்லீங்க" என்றாள். சின்னக் குரல், ஆனாலும் கேட்டது. "அவரு பேரு யாருக்கும் தெரியாது. அவருக்கு நான் தாலி அறுத்திருக்கேன். அவரைப் பாத்துச் சிரிக்காதீங்க."

அப்போது மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டு, அவள் சொல்வது நிஜம் என்று நான் சொல்லியிருக்க முடியும். என் கை விசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"உக்காரும்மா, படம் மறைக்குது!" என்று எவனோ கத்தினான். வேர்க்கடலைத் தோல் பறந்தது. ஒரு பிடி மணல் வந்து விழுந்தது. அவள் உட்காரவில்லை. யாரோ பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுக்க, முக்காடு சரிந்து மொட்டைத் தலை வெளிச்சத்தில் தெரிந்தது.

குப்புராஜ் குழாயைத் தூக்கினான்.

"அடடே! இந்த அம்மாவும் திருப்பதிக்குப் போயிட்டு வந்துட்டா. லட்டு எங்கம்மா?"

அந்தச் சிரிப்பு சந்தைத் தெருவரை கேட்டிருக்கும். அவள் முக்காட்டைச் சரிசெய்யாமல், மணலில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனாள். அவன் தொண்டை அன்றைக்கு மிக நன்றாக இருந்தது என்று முதலாளி பாராட்டினார். நான் ரீலைக் கழற்றி, அடுத்த ஆட்டத்துக்காகத் திருப்பிச் சுற்றி வைத்தேன்.